குடியமர்த்தும் உரிமை: ஓர் அறவியல் நோக்கு

மனிதனுக்கு இன்றியமையாதன யாவை என வினவின், உணவு, உடை, உறையுள் என மூன்றனையும் ஒரே மூச்சிற் கூறுதல் நமது வழக்கம். ஆயினும் இம்மூன்றனுள் இறுதியில் நிற்கும் உறையுள் ஏனைய இரண்டினின்றும் ஒரு வகையில் வேறுபட்டது. அரிசிக் கடைக்காரர் அரிசி வாங்க வந்தவரிடம் அவர் எந்த ஊரவர், எந்தச் சமயத்தவர் எனக் கேட்பதில்லை. புடைவைக் கடைக்காரரும் கேட்பதில்லை. பணத்தைக் கொடுத்தாற் பொருளைக் கொடுப்பர். அத்துடன் கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடும். ஆனால் வாடகைக்கு ஓர் அறை தேடிச் செல்பவரிடம் முதலிற் கேட்கப்படுவது அவரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதன்று. அவர் யார் என்பதே.

இவ்வேறுபாடு நியாயமானதா? தமது வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட முன்வந்த ஒருவர், வருவோருள் ஒருவரை ஏற்கவும் இன்னொருவரை மறுக்கவும் வரம்பற்ற உரிமை உடையவரா? வரம்பு உண்டாயின் அதனை எங்கே வகுப்பது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவை நூல்களைப் படித்தபொழுது என்னுள் எழுந்தவையல்ல. கட்டுகஸ்தோட்டையில் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்ட சிறு வீடொன்றைத் தேடி ஏறத்தாழ மூன்று மாதங்கள் அலைந்தபொழுது எழுந்தவை. ஆதலால் அவ்வனுபவத்தை முதலிற் சுருக்கமாகக் கூறிப் பின்னர் ஆராய்ச்சிக்குச் செல்கின்றேன்.

கண்டி நகருக்கு வடக்கே, மகாவலி கங்கையின் கரையில் அமைந்தது கட்டுகஸ்தோட்டை. அக்குறணை, மாத்தளை வழியாக யாழ்ப்பாணத்தை நோக்கிச் செல்லும் ஏ9 வீதியினின்று குருணாகல் வீதி பிரிந்து செல்வது இங்கேயாகும். சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அருகருகே வாழும் ஊர் அது. மலைகளுக்கு நடுவே குறுகிய நிலத்தில் நெருங்கிக் கிடக்கும் கண்டி நகரில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாதோர் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் செல்வது இயல்பு. என் அக்காவுக்கு அங்கே ஒரு கடையில் வேலை. அம்மா மாதந்தோறும் கண்டியில் வைத்தியரைக் காணவேண்டியவர். எனக்கு அவ்வருடம் விடுதியில் இடமில்லை. மூவரும் ஒரு கூரையின்கீழ் இருப்பதாயின் அங்கிருந்து நான் இரண்டு பஸ் மாறிப் பேராதனைக்குச் செல்லலாம் எனக் கணக்கிட்டோம். எங்களாற் கொடுக்கக் கூடியது மாதம் 20,000 ரூபா. முற்பணமாக மூன்று மாத வாடகையைச் சேர்த்து வைத்திருந்தோம்.

எம் குடும்பம் வீடு தேடியது அதுவே முதன்முறை என்பதையும் இங்குக் கூறவேண்டும். நான் தோட்டத்து லயத்திற் பிறந்தவன். என் பெற்றோர் வாழ்நாளில் வீட்டு வாடகை கொடுத்ததில்லை. வீட்டுக்கு உரியவராக இருந்ததுமில்லை. லயத்துக் காம்பிரா உழைப்போடு ஒட்டியது. தோட்டத்திற் பெயர் உள்ளவரைதான் கூரையும் உண்டு. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தாற் பெருந்தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. துரைமார் மாறினர், லயம் மாறவில்லை. எமக்கு வரும் கடிதங்களும் தோட்டத்து அலுவலகத்துக்கே வந்தன. எனவே, சாவி தன் கையில் இருக்கும் ஒரு கதவு என்பது என் அம்மாவுக்குச் சிறிய ஆசையன்று.

நான் சென்ற முதலாவது வீடு ஓய்வுபெற்ற தமிழ் அம்மையார் ஒருவருடையது. வீட்டின் பின்புறத்தே தனி வாசலுடன் ஓர் அறையும் சமையற்கட்டும் இருந்தன. எமது மொழி பேசுபவர் என்ற நம்பிக்கையோடு சென்றேன்.

‘தம்பி எந்தப் பக்கம்?’ என்றார்.

‘ஹட்டன் பக்கம், அம்மா.’

‘டவுனோ, தோட்டமோ?’

‘தோட்டம்.’

அவர் முகத்தில் வெறுப்புத் தோன்றவில்லை. தேநீர்கூடத் தந்தார். ஆயினும் அதனைக் குடித்து முடிவதற்குள், அவ்வறைக்கு அவருடைய மருமகன் வரவிருப்பதாகத் தெரிய வந்தது.

இரண்டாவது வீட்டுக்கு என் சிங்கள நண்பன் தொலைபேசியிற் பேசினான். வீடு காலியாகவே இருக்கிறது, மாலையில் வந்து பார்க்கலாம் என்றார்கள். மாலையில் இருவரும் சென்றோம். குடியிருக்கப் போவது நான் என அறிந்து, என் பெயரையும் கேட்ட பின்னர், அன்று நண்பகலே வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று என்றார்கள். அடுத்த வாரம் அவ்வழியே சென்றபொழுதும் ‘வாடகைக்கு’ என்ற பலகை வாயிலிற் கட்டப்பட்டே இருந்தது. அன்று மாலை என் நண்பன் என்னிலும் அதிகமாக வெட்கப்பட்டான். பஸ் நிலையம்வரை அவன் ஒரு சொல்லும் பேசவில்லை.

மூன்றாவது, முஸ்லிம் வர்த்தகர் ஒருவரின் மாடியறை. அவர் பெயரைக் கேட்டுத் தயங்கவில்லை. சமையலைப் பற்றிக் கேட்டார். அவர்களுக்கு ஆகாத இறைச்சியை அவ்வீட்டிற் சமைக்க மாட்டோம் என்று வாக்களித்தேன். ‘நீங்க சொல்றீங்க மகன், அது சரி. உங்கட வீட்டுக்கு வந்து போறவங்க?’ என்றார். அவ்வினாவுக்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

நான்காவது வீட்டைப் பற்றியே நான் சற்று விரிவாகக் கூறவேண்டும். மேட்டு நிலத்தில், நீண்ட படிக்கட்டின் முடிவில் இருந்தது அது. நான் படியேறிச் சென்றபொழுது ஒரு குடும்பம் இறங்கி வந்தது. தொப்பி அணிந்த ஒருவர், அவருடைய மனைவி, புத்தகப் பையுடன் ஒரு சிறுமி. ‘வீடு பார்க்கவா தம்பி? மேல போங்க, நல்ல வீடு, தண்ணி வசதியும் இருக்கு’ என்றார் அவர். நான் நன்றி கூறி மேலே சென்றேன். வீட்டுக்காரர் முதியவர், தமிழும் சிங்களமும் கலந்து பேசினார். என் பெயரைக் கேட்டார். அம்மாவையும் அக்காவையும் பற்றிக் கேட்டார். பின்னர், ‘இப்ப ஒரு குடும்பம் வந்திட்டுப் போகுது. நல்ல மனிசர்தான். ஆனா அவங்களுக்குக் குடுக்க எனக்கு மனமில்லை. உங்கட ஆக்கள் என்றாப் பரவாயில்லை’ என்றார். வாடகை 20,000 ரூபா. முற்பணம் மூன்று மாதம். அந்த மாலையே பணத்தைக் கொடுத்துச் சாவியைப் பெற்றுக்கொண்டேன்.

மூன்று வாசல்களில் மறுக்கப்பட்டபொழுது அநீதி எனத் தெளிவாக எனக்குத் தெரிந்த ஒன்று, நான்காவது வாசலில் எனக்குச் சாதகமாக நிகழ்ந்தபொழுது நான் வாய் திறக்கவில்லை. இந்த மௌனமே இக்கட்டுரைக்குக் காரணம்.

இனி வீட்டுக்காரரின் பக்கத்து நியாயங்களை நோக்குவோம். அவற்றை நோக்காது தீர்ப்புக் கூறுதல் அறவியல் ஆராய்ச்சியாகாது. முதலாவது நியாயம் உடைமை பற்றியது. தாம் உழைத்துக் கட்டிய வீட்டை யாருக்குக் கொடுப்பது என்பது தம் விருப்பம் என்பர். இரண்டாவது அச்சம் பற்றியது. இந்நாட்டில் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் தனக்குட்பட்ட வீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்தியது. குடியிருப்போரை வெளியேற்றுவதற்கான காரணங்களையும் வரையறுத்தது. அடுத்த ஆண்டு வந்த வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக் கூடிய வீடுகளின் தொகைக்கே எல்லை விதித்தது. வாடகைக்கு விட்ட வீட்டை மீளப் பெறுவதற்காக நீதிமன்றப் படிகளிற் பல ஆண்டுகள் ஏறி இறங்கிய குடும்பங்கள் உண்டு. ஓய்வூதியமும் பின்னறை வாடகையுமே சீவனோபாயமான முதியவருக்கு, வாடகை தராத குடியிருப்பாளர் ஒருவர் பெரும் ஆபத்தே. குத்தகைக்குக் கொடுத்த இடத்தை விரைவாக மீட்பதற்கென 2023ஆம் ஆண்டிலே தனிச் சட்டமொன்று இயற்றப்பட்டமையும் இவ்வச்சம் வெறுங் கற்பனையன்று என்பதைக் காட்டும்.

மூன்றாவது நியாயம் நெருக்கம் பற்றியது. கடைக்கு வந்தவர் போய்விடுவார். குடியிருக்க வந்தவரோ ஒரே கிணற்றில் நீர் எடுப்பவர். ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குபவர். சுவருக்கு அப்பால் இருந்து இருமினாலும் கேட்கும் தொலைவில் உறங்குபவர். தன்னுடன் வாழ்வோரைத் தெரியும் உரிமை மனிதனுக்கு வேண்டாமா என்பர். இம்மூன்றாவது நியாயமே மிக வலுவானது எனக் கருதுகின்றேன்.

மேலைநாடுகளின் சட்ட வரலாறு இந்நெருக்கம் பற்றிய வாதத்தை எவ்வாறு கையாண்டது என்பதை நோக்குதல் பயன் தரும். பிரித்தானியாவில் 1965ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் உணவகம் முதலிய பொது இடங்களிலே இன ஒதுக்கலைத் தடைசெய்தது. வீடுகளை அது தீண்டவில்லை. கறுப்பினத்தவர்க்கு இடமில்லை எனச் சாளரத்தில் எழுதி ஒட்டிய வீட்டுக்காரர் அன்று சட்டத்தை மீறியவராகார். 1968ஆம் ஆண்டின் சட்டமே வீட்டுத்துறைக்கும் அத்தடையை விரித்தது. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் 1966இல் சிக்காகோ நகரிலே வீட்டுரிமைக்காக இயக்கம் நடத்தினார். 1968 ஏப்ரில் 4ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வாரத்தின் பின், ஏப்ரில் 11ஆம் திகதி, நியாயமான வீட்டு வசதிக்கான சட்டம் கையொப்பமாயிற்று.

இவ்விரு நாட்டுச் சட்டங்களும் ஒரு விதிவிலக்கை வைத்தன என்பதே இங்குக் கருதத்தக்கது. வீட்டுக்காரர் தாமும் குடியிருந்து பிறருக்கு இடம் கொடுக்கும் சிறிய இல்லங்களுக்குச் சட்டம் விலக்களித்தது. அமெரிக்காவில் நான்கு குடித்தனங்களுக்கு மேற்படாத, உரிமையாளரும் வாழும் கட்டடம் இவ்வாறு விலக்குப் பெற்றது. ஆயின் அங்கும் ஓர் எல்லை உண்டு. விலக்குப் பெற்றவரும்கூட, இன்ன இனத்தார்க்கு மட்டும் எனப் பகிரங்கமாக விளம்பரம் செய்தலாகாது. அதாவது நெருக்கத்தின் பொருட்டுச் சட்டம் சற்று விலகி நின்றது. ஆனால் ஒதுக்கலை ஊரறியக் கூறும் உரிமையை எவருக்கும் கொடுக்கவில்லை. சட்டம் விலகி நிற்கும் இடத்திலே நியாயமும் முடிந்துவிடுகிறது என நாம் கொள்ள வேண்டியதில்லை. சட்டம் நுழையத் தயங்கும் இடத்திலேதான் அறம் தன் வேலையைத் தொடங்க வேண்டும்.

நமது நாட்டின் நிலை யாது? 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இனம், மதம், மொழி, சாதி, பால் முதலியன காரணமாகப் பிரசைகளுக்குப் பாரபட்சம் காட்டலாகாது என 12ஆம் உறுப்புரையிற் கூறுகின்றது. அவ்வுறுப்புரையின் மூன்றாவது பிரிவு கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள், பொதுக் களியாட்ட இடங்கள், ஒருவரது சொந்த மதத்துக்கான பொது வழிபாட்டிடங்கள் ஆகியவற்றை எடுத்துக் கூறி, அங்கே எவரும் இத்தகைய காரணங்களுக்காகத் தடுக்கப்படலாகாது என்கின்றது. அப்பட்டியலில் வாடகை வீடு இல்லை. 14ஆம் உறுப்புரை நாட்டினுள் எங்கும் சென்று வரவும் விரும்பிய இடத்தை வதிவிடமாகக் கொள்ளவும் ஒவ்வொரு பிரசைக்கும் சுதந்திரம் உண்டு என்கின்றது. ஆயின் அடிப்படை உரிமை மீறல் தொடர்பாக உயர் நீதிமன்றத்தை நாடுவதாயின் அம்மீறல் அரசின் நிருவாகச் செயலால் நிகழ்ந்திருத்தல் வேண்டும். வீட்டுக்காரர் அரசல்லர். ஆகவே, விரும்பிய ஊரில் வாழும் சுதந்திரம் நூறு தனி வாசல்களில் நூறு தனி மனிதரால் மறுக்கப்படின் அதனை முறையிடுவதற்கு அவ்வழி திறந்திருப்பதில்லை.

இதன் பொருளை 2007ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று தெளிவாக்கும். அவ்வாண்டு ஜூன் 7ஆம் திகதி அதிகாலையிற் கொழும்பு விடுதிகளிலே தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர் பொலிசாரால் பஸ்களில் ஏற்றப்பட்டு நகருக்கு வெளியே அனுப்பப்பட்டனர். மனுவொன்றை ஆராய்ந்த உயர் நீதிமன்றம் மறுநாளே அந்நடவடிக்கையை நிறுத்துமாறு இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. அன்றைய பிரதமர் பின்னர் வருத்தம் தெரிவித்தார். வெளியேற்றியது அரசாதலின் நீதிமன்றம் தலையிட முடிந்தது. நாடும் அதனை அநீதி எனக் கண்டது. உட்புகவே விடாத தனியாரின் மறுப்பை எவரும் காண்பதில்லை. அங்கே பஸ்ஸுமில்லை, பொலிசுமில்லை. ‘மருமகன் வருகிறார்’ என்ற ஒரு வாக்கியமே உண்டு. ஆனால் வாசலில் நின்றவரின் இரவு இரண்டு நிகழ்ச்சிகளிலும் ஏறத்தாழ ஒன்றே.

வாடகைச் சட்டங்களின் வரலாற்றிலும் இவ்விடைவெளியைக் காணலாம். 1915ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரிலே போர்க்காலத்து வாடகை உயர்வை எதிர்த்து மேரி பார்பர் முதலிய பெண்கள் முன்னின்று நடத்திய வாடகை மறுப்புப் போராட்டத்தின் விளைவாகவே பிரித்தானியாவில் அவ்வாண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. அத்தகைய சட்டங்களால் எண்ணற்ற ஏழைக் குடும்பங்கள் தெருவுக்கு வராது தப்பின. ஆயினும் அவை காத்தது ஏற்கெனவே உள்ளே இருந்தவரை. வாசலில் நின்றவரை அவை காணவில்லை. அதுமட்டுமன்று, உள்ளே விட்டவரை வெளியேற்றுவது கடினமாகுந்தோறும், உள்ளே விடுமுன் வீட்டுக்காரர் ஆராய்வதும் கடுமையாயிற்று. வீடு கட்டும் திட்டங்களும் அவ்வாறே. வீடற்றோர்க்கான சர்வதேச ஆண்டாக 1987ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை பிரகடனம் செய்யக் காரணமாயிருந்தது நம் நாட்டின் பிரேரணையே. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டமும் உலகின் கவனத்தை ஈர்த்தது. அவையாவும் தமக்கெனச் சொந்த வீடு கட்டுவோரை நோக்கியவை. பிறர் வீட்டில் ஓர் அறையை நாடி நகருக்கு வருவோரின் பிரச்சினை அதற்குப் புறம்பாகவே நின்றது.

‘நம்மவர் சேர்ந்து வாழ விரும்புவதில் என்ன தவறு?’ என்று கேட்போரும் உளர். இந்தியாவில், அகமதாபாத்திலுள்ள பார்சி சமூகத்தாரின் கூட்டுறவு வீடமைப்புச் சங்கமொன்று தம் சமூகத்தார்க்கு மட்டுமே இடம் என விதி செய்திருந்தது. 2005ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவ்விதி செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பின் சமத்துவம் அரசைக் கட்டுப்படுத்துமேயன்றி, தாமாகச் சேர்ந்த தனியாரைக் கட்டுப்படுத்தாது என்பது அதன் சாரம். சிறுபான்மையினர் தம் வாழ்க்கை முறையைப் பேணுவதற்கு ஒன்றாக வாழ விரும்புவது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் ஒவ்வொரு சமூகமும் அவ்விதியைக் கைக்கொள்ளும் ஒரு நகரத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே எண்ணிக்கையிற் பெரிய சமூகத்துக்குப் பல தெருக்களும், சிறிய சமூகத்துக்கு ஒரு சந்தும், எந்தச் சமூகத்திலும் முழுமையாகச் சேராதவர்க்கு ஒன்றுமின்மையுமே எஞ்சும். கட்டுகஸ்தோட்டையில் முதலாவது வீட்டு அம்மையார் ‘நம்மவர்’ என்ற வட்டத்தை என் தோட்டத்துக்கு முன்பாகவே மூடிவிட்டார் என்பதை மறக்கலாகாது. அவ்வட்டம் எப்பொழுதும் நாம் எண்ணுவதிலும் சிறியது.

இவ்வளவையும் நோக்குமிடத்து எனக்குத் தோன்றும் முடிபு இது. வீட்டுக்காரர் கேட்கும் வினாக்கள் இருவகைப்படும். ஒன்று, ‘நீ இங்கு எவ்வாறு நடந்துகொள்வாய்?’ என்பது. வாடகையை ஒழுங்காகத் தருவாயா, இரவில் அமைதி காப்பாயா, இச்சமையற்கட்டில் இன்னதைச் சமைக்காதிருப்பாயா என்பன இதிலடங்கும். மற்றது, ‘நீ எங்கே, யாருக்குப் பிறந்தாய்?’ என்பது. முதல்வகை வினாவுக்கு மனிதன் வாக்களித்து விடை கூறலாம். அவ்வாக்கைக் காப்பாற்றியும் காட்டலாம். இரண்டாம்வகை வினாவுக்கு அவன் விடை கூற முடியுமேயன்றி அவ்விடையை மாற்ற முடியாது. வீட்டுக்காரரின் உடைமையும் அச்சமும் நெருக்கமும் முதல்வகை வினாக்கள் அனைத்தையும் நியாயமாக்கும். இரண்டாம்வகை வினாவை அவற்றுள் ஒன்றும் நியாயமாக்காது. ஏனெனில், வாடகை தராதவர் எல்லா இனத்திலும் உளர். இரவிற் சத்தமிடுபவர் எல்லா மதத்திலும் உளர். பிறப்பைக் கேட்பவர் நடத்தையை அறிந்துகொள்வதில்லை. அறிந்துகொண்டதாக எண்ணி அமைதி அடைகின்றார்.

இவ்வளவுகோலால் அளந்தால் மூன்றாவது வீட்டு வர்த்தகரே ஏனையோரிலும் நியாயத்துக்கு அண்மையில் நின்றவர். அவர் கேட்டது நடத்தையை. தம் வீட்டில் ஆகாத உணவு சமைக்கப்படலாகாது என நிபந்தனை விதிக்க அவருக்கு உரிமை உண்டு. அவர் தவறியது ஓரிடத்திற்றான். என் வாக்கை என் வாக்காக ஏற்காது, என்னைச் சார்ந்த முகமறியாத ஒரு கூட்டத்தின் நடத்தைக்கும் என்னைப் பிணையாக்கினார். தனி மனிதன் தந்த வாக்கை அவன் கூட்டத்தை வைத்து மறுத்தல், நடத்தை வினாவைப் பிறப்பு வினாவாக மாற்றிவிடுகின்றது.

இம்மானுவேல் கான்ட் 1795ஆம் ஆண்டில் நிரந்தர சமாதானம் பற்றி எழுதிய நூலிலே, அந்நியன் ஒருவன் பிறர் நிலத்துக்கு வந்தபொழுது பகைவனாக நடத்தப்படாதிருத்தல் அவனுக்குரிய உரிமையாகும் என்றார். அதனைக் கருணையின்பாற் படுத்தவில்லை. பூமியின் பரப்பு எல்லையுடையது. மனிதர் முடிவின்றி விலகிச் செல்ல இடமில்லை. ஆதலின் ஒருவர் அண்மையை ஒருவர் பொறுத்தே ஆகவேண்டும் என்பது அவர் காட்டிய காரணம். எனினும் வீட்டிற் குடியமர்வதற்கு அவ்வுரிமை போதாது, அதற்குத் தனி உடன்பாடு வேண்டும் எனவும் அவர் வரையறுத்தார். அதுவும் சரியே. எவருடைய கதவையும் தள்ளித் திறக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ‘வாடகைக்கு’ என்ற பலகையைத் தாமே தொங்கவிட்டவர், உடன்பாட்டுக்கு ஊரையே அழைத்தவர் ஆகின்றார். அழைத்த பின்னர் வந்தவரைப் பிறப்பால் வடிகட்டுதல், அழைப்பையே பொய்யாக்குதலாகும். ஜோன் ரோல்ஸ் 1971இல் வெளியிட்ட நீதிக் கோட்பாடு பற்றிய நூலில், தாம் எந்த நிலையிற் பிறப்போம் என அறியாதார் கூடி விதி செய்வதாகக் கற்பனை செய்யுமாறு கேட்டார். நாளை நாம் படியின் மேலே வீட்டுக்காரராக நிற்போமோ, கீழே சிறுமியின் கையைப் பிடித்து இறங்குவோமோ என்பதை அறியாத நிலையில், பெயரைக் கேட்டு மறுக்கலாம் என்ற விதிக்கு நம்முள் எவர் கையொப்பமிடுவார்?

இங்கே என் சொந்த வினாவுக்கு வருகின்றேன். பிறப்பால் மறுத்தவர் தவறிழைத்தார் எனின், பிறப்பாலே தெரிவுசெய்யப்பட்டு அதனை ஏற்றுக்கொண்டவரின் நிலை யாது? நான் எவரையும் மறுக்கவில்லை என்று கூறலாம். நான் மறுத்திருப்பினும் அக்குடும்பத்துக்கு அவ்வீடு கிடைத்திராது என்றும் கூறலாம். என் அம்மாவின் நோயும் எம் வறுமையும் உண்மையானவை. இவையெல்லாம் நான் வீட்டை ஏற்றதற்குக் காரணங்களாகும், மௌனத்துக்குக் காரணங்களாகா. சாவியை வாங்கிக்கொண்டே, ‘ஐயா, அவர்களும் நல்ல மனிதர் என்று நீங்களே சொன்னீர்களே’ என ஒரு வாக்கியம் கூறியிருக்கலாம். அதனால் வீட்டை இழந்திருப்பேனோ என்னவோ. அந்த அச்சமே என் வாயை அடைத்தது. இன ஒதுக்கல் வெறுப்பவர்களால் மட்டும் நிலைபெறுவதில்லை. தம் முறை வந்தபொழுது அதன் பயனைக் கூச்சத்தோடு பெற்றுக்கொண்டு பேசாதிருப்பவர்களாலும் அது நிலைபெறுகின்றது. 2018 மார்ச் மாதத்திற் கண்டி மாவட்டத்தின் பல ஊர்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபொழுது நாம் அனைவரும் வருந்தினோம். தீ வைப்பவர் சிலரே. ஆனால் ‘அவங்களுக்குக் குடுக்க மனமில்லை’ என்ற மெல்லிய பேச்சைக் கேட்டுத் தலையசைப்பவர் பலர். அன்று மாலை நானும் அவர்களுள் ஒருவன்.

தமிழிலே ‘விருந்து’ என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். முன்பின் அறியாது புதிதாக வந்தவரே விருந்தினர். அறிந்தவரை வரவேற்றல் உறவு பேணுதலாகும். அறியாதவரை வரவேற்றலே விருந்தோம்பல் எனப்பட்டது. திருக்குறளின் நிலையாமை அதிகாரத்து இறுதிக் குறளில் ‘துச்சில்’, ‘புக்கில்’ என இரு சொற்கள் வருகின்றன. துச்சில் என்பது பிறர் இடத்தில் ஒதுங்கியிருக்கும் தற்காலிக உறைவிடம்; புக்கில் என்பது புகுந்தால் நிலையாகத் தங்கும் இல்லம். உடம்பில் உயிர் தங்குவதைத் துச்சிலிருப்பு எனக் கண்டார் வள்ளுவர். உறுதிப்பத்திரம் கையில் உள்ளவரும் இவ்வுலகில் ஒருவகையில் ஒதுக்குக் குடியினரே என்ற இவ்வுணர்வு, வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலுள்ள தொலைவைச் சற்றுக் குறைத்தல் வேண்டும்.

சட்டம் செய்ய வேண்டுவன சில உண்டு. பொது உணவகத்துக்குப் பொருந்தும் விதியை, பகிரங்கமாக வாடகைக்கு விடப்படும் தனி வாசலுள்ள வீட்டுக்கும் விரிக்கலாம். வீட்டுக்காரரின் நியாயமான அச்சத்தைப் போக்க, எழுத்திலான உடன்படிக்கையும் விரைவான நீதியும் அவருக்குக் கிடைக்கச் செய்யலாம். பல்கலைக்கழகங்கள் தம் மாணவர்க்காக உத்தரவாதம் அளித்து, வெளியிடத்து அறைகளைப் பதிவுசெய்யலாம். ஆயின் இவை வரும்வரை காத்திருக்க வேண்டாத கடமையொன்று குடியிருப்போராகிய நமக்கு உண்டு.

எம் வீட்டுக்குக் கீழேயுள்ள அறை அண்மையிற் காலியாயிற்று. ‘தெரிஞ்ச ஆக்கள் இருந்தாச் சொல்லுங்க தம்பி, உங்கட ஆக்களா’ என்று வீட்டுக்காரர் கேட்டார். அன்று படியில் இறங்கிச் சென்றவரின் பெயரை நான் கேட்டு வைக்கவில்லை. கட்டுகஸ்தோட்டைக் கடைத்தெருவில் அவரைத் தேடியும் காணவில்லை. ‘எங்கட ஆக்கள் என்று பார்த்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஐயா. வாடகை ஒழுங்காகக் கொடுப்பார்களா, அமைதியாக இருப்பார்களா என்று மட்டும் விசாரித்துச் சொல்கிறேன். அன்றைக்கு வந்த குடும்பத்தைப் போல யாராவது வந்தால், இந்த முறை கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்’ என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபித்தாரோ, வருந்தினாரோ தெரியாது. ‘பார்ப்பம்’ என்று மட்டும் கூறிவிட்டு உள்ளே சென்றார். அம்மா அன்றிரவு, வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்களோ எனக் கவலைப்பட்டார். எழுப்பவில்லை. கீழறை இதனை எழுதும்வரை காலியாகவே இருக்கின்றது. பலகை வாயிலில் தொங்குகின்றது.